வரைபடம் இல்லாத கம்பி

வீட்டு மாடியில் நின்றபடியே ஒரு பொத்தானை அழுத்தி, கீழே நிற்கும் மோட்டார் வண்டியின் எஞ்சினை இயக்கும் கருவியைக் குறித்து நம் சங்கத்து அன்பர் ஒருவர் எமக்குக் கடிதம் விடுத்துள்ளார். ‘ரிமோட் ஸ்டார்ட்டர்’ என்பது அக்கருவியின் பெயர். வண்டி வாங்கியபோது அதில் இல்லாதது. பின்னர்க் கடையில் கொடுத்துப் பொருத்தியது. “ஆறு திங்கள் நன்றாக உழைத்தது. இப்பொழுது சில நாள் இயங்குகிறது; சில நாள் மறுக்கிறது. பொருத்தியவர் கருவியை மாற்ற வேண்டும் என்கிறார். மற்றொருவர் பாட்டரியை மாற்றச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?” என்பது அன்பரின் வினா.

யாம் இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரிகிறோம். பள்ளியிறுதி வகுப்பிற்கு மேல் பயின்றோமல்லோம். ஆயினும், கணக்கேட்டில் பத்து ரூபாய் இடித்தால், அது எந்தப் பக்கத்தில் இடிக்கிறது என்று வரிவரியாகத் தேடிப் பழகியவர்கள். கம்பியில் குறை தேடுவதும் ஏறக்குறைய அத்தகைய வேலையே. வரவு எங்கே வந்தது, செலவு எங்கே போயிற்று, இடையில் எங்கே காணாமற் போயிற்று என்று பார்ப்பதுதான். ஆகவே அன்பருக்கு எம் விடை இது: முதலில் எதையும் மாற்றாதீர், அளந்து பாரும். அளப்பதற்கும் முன்பாக, எந்தக் கம்பி எங்கே இணைக்கப்பட்டது என்பதைக் காட்டும் வரைபடத்தைக் கேட்டு வாங்கும். ஏன் இவ்வாறு சொல்கிறோம் என்பதை விளக்குவதே இத்திங்கள் கட்டுரையின் நோக்கம்.

கைப்பிடியிலிருந்து பொத்தான் வரை

மோட்டார் வண்டி தோன்றிய தொடக்கக் காலத்தில் எஞ்சினை இயக்க, முன்புறம் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். எஞ்சின் சில வேளை எதிர்ப்புறமாக உதைக்கும். அப்பொழுது கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டு முறிந்தவர் பலர். 1912-ஆம் ஆண்டின் காடிலாக் வண்டியில், சார்ல்ஸ் கெட்டரிங் என்பார் வகுத்த மின் ஸ்டார்ட்டர் இடம்பெற்றது. அன்று முதல் ஓட்டுநர் தம் இருக்கையில் அமர்ந்தே எஞ்சினை இயக்கலாயினர். இருக்கையில் அமர வேண்டும் என்னும் அவசியத்தையும் நீக்கியது ரிமோட் ஸ்டார்ட்டர்.

கானடா முதலிய பனி நாடுகளில் இது பெரிதும் பயன்படுகிறது. காலையில் கதவைத் திறக்குமுன்பே எஞ்சின் ஓடி, வண்டிக்குள் வெப்பம் பரவி, கண்ணாடியிற் படிந்த பனி உருக வேண்டும் அங்கே. நம் பெங்களூரோ கடல் மட்டத்திற்கு 900 மீட்டருக்கு மேல் அமைந்த ஊர். மார்கழியில் கம்பளிச் சட்டை தேட வைக்குமேயன்றி, எஞ்சினை உறைய வைக்கும் குளிர் இங்கில்லை. இங்குள்ளோர் இதனை விரும்புவது, வெயிலில் நின்ற வண்டியை ஏ.சி.யால் முன்கூட்டியே குளிர்விக்கத்தான். 2019-இல் வெளிவந்த ஹூண்டாய் வென்யூ முதலிய சில வண்டிகளின் சில வகைகளில், இவ்வசதி தொழிற்சாலையிலேயே சேர்க்கப்பட்டு வந்தது. பழைய வண்டி வைத்திருப்போர் அதனைக் கண்டு ஆசைப்பட்டு, உதிரிப் பாகங்களுக்குப் பெயர் பெற்ற ஜே.சி. சாலை போன்ற கடைவீதிகளை நாடுகின்றனர்.

இவ்விரண்டிற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. தொழிற்சாலை பொருத்தியதற்கு வரைபடம் உண்டு. அதன் ஒவ்வொரு கம்பிக்கும் இன்ன நிறம், இன்ன பருமன், இன்ன பியூஸ் என்று எழுதி வைத்திருப்பர். கடையில் பொருத்தியதற்கு வரைபடம் பெரும்பாலும் பொருத்தியவரின் நினைவே. அவர் வேறு கடைக்குச் சென்றுவிட்டால் வரைபடமும் அவரோடு சென்றுவிடும்.

தொப்பூரில் நின்ற வண்டி

இது சிறு குறையன்று என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. எம் குடியிருப்பில் வாழும் அன்பர் ஒருவர், சென்ற ஆண்டு மனைவி மக்களுடன் சேலத்தை அடுத்த தம் ஊருக்கு இரவில் வண்டியோட்டிச் சென்றார். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி கடந்து தொப்பூர்க் கணவாயில் இறங்குகையில் எஞ்சின் திடீரென நின்றுவிட்டது. அவ்விறக்கத்தின் கொடுமையை நம்மவர் நன்கறிவர். பின்னால் சுமை லாரிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருக்கும். எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் கனத்துப் போகும். இரண்டு மூன்று முறை மிதித்த பின் பிரேக்கும் கல்லாகிவிடும். தெய்வாதீனமாக அன்பர் இடப்புற ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டார். குழந்தைகளை இறக்கித் தடுப்புச் சுவருக்கு அப்பால் நிறுத்தினார். கால் மணி கழித்துச் சாவியைத் திருப்ப, ஒன்றுமே நடவாதது போல் எஞ்சின் ஓடியது.

பெங்களூர் திரும்பியதும் இரண்டு பட்டறைகளுக்குச் சென்றார். ஓரிடத்தில் பெட்ரோல் பம்ப்பை மாற்றினர். மற்றோரிடத்தில் பாட்டரியை மாற்றினர். குறை மாறவில்லை. இறுதியில் முதியவரான எலக்ட்ரீஷியன் ஒருவர் ஒரு ஞாயிறன்று வீட்டிற்கே வந்தார். யாமும் உடனிருந்து விளக்குப் பிடித்தோம். அவர் எதையும் மாற்றவில்லை. ஸ்டீயரிங்கின் கீழுள்ள மூடியைக் கழற்றி, எஞ்சினை ஓடவிட்டு, மல்டிமீட்டரால் அளந்துகொண்டே ஒவ்வொரு கம்பியாக அசைத்துப் பார்த்தார். பாட்டரியில் 14 வோல்ட். சாவிக்கு அப்பால் ஒரு கம்பியை அசைத்தபோது மட்டும் மீட்டர் 9-க்கு வீழ்ந்து, மீண்டும் எழுந்தது. எஞ்சினும் ஒருமுறை விக்கியது. ரிமோட் ஸ்டார்ட்டர் பொருத்தியவர் அந்தக் கம்பியின் மேலுறையைச் சிறிது சீவி, புதிய கம்பியை வெறுங்கையால் முறுக்கி, நாடா சுற்றி வைத்திருந்தார். வண்டியின் அதிர்விலும் வெப்பத்திலும் நாடா நெகிழ்ந்து முறுக்குத் தளர்ந்துவிட்டது. அவ்விணைப்பில் உண்டான தடை அரை ஓம் என்று கொண்டாலும், 10 ஆம்பியர் ஓடும்போது அது 5 வோல்ட்டை விழுங்கிவிடும். எஞ்சினுக்குப் போய்ச் சேரவேண்டிய மின்சாரம் வழியிலேயே செலவாகிவிடும்.

கம்பியைச் செம்மையாக இணைத்துப் பற்றவைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. தேடுவதற்கு அரை நாள் ஆயிற்று. எத்தனை கம்பிகள் தொடப்பட்டன என்பதை எவரும் எழுதி வைக்காததே அதற்குக் காரணம். அன்பர் ரிமோட் பொத்தானை அழுத்தாமல் சாவியால் ஓட்டிய நாளிலும் அத்தளர்ந்த முறுக்கு வண்டிக்குள் இருந்தது என்பதை நேயர்கள் கருத்தில் இருத்துவாராக. இக்கருவி தனக்கென ஒரு வழியை அமைத்துக்கொள்வதில்லை. வண்டியின் உயிர்நாடியான கம்பிகளின் மேலேயே ஏறி அமர்கிறது.

சாவிக்குப் பின்னால் உள்ள கம்பிகள்

அக்கம்பிகள் யாவை என்று அறிந்துகொள்வது கடினமன்று. சாவி திருப்பும் பழைய முறை வண்டிகளில், சாவிப்பூட்டின் பின்புறம் முக்கியமாக நான்கு வகைக் கம்பிகள் உண்டு.

முதலாவது, பாட்டரியிலிருந்து நேரே வருவது. சாவி இருப்பினும் இல்லையெனினும் இதில் 12 வோல்ட் இருக்கும். இரண்டாவது, ‘இக்னிஷன்’ கம்பி. சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் இதில் மின்சாரம் வரும். ஸ்டார்ட்டர் சுழலும்போதும் நீங்காது. எஞ்சின் ஓடும்வரை இருக்கும். மூன்றாவது, வானொலி, காற்றாடி முதலியவற்றிற்குரிய ‘அக்ஸஸரி’ கம்பி. ஸ்டார்ட்டர் சுழலும் அந்தச் சில நொடிகள் மட்டும் இதில் மின்சாரம் நின்று, பிறகு திரும்பும். நான்காவது, ஸ்டார்ட்டர் கம்பி. ஸ்டார்ட்டர் சுழலும் நேரத்தில் மட்டும் இதில் 12 வோல்ட் தோன்றும். இவற்றோடு, வண்டியின் இரும்பு உடலோடு சேர்க்கும் எர்த் கம்பியும் உண்டு.

ஜெர்மானியர் வகுத்த டி.ஐ.என். 72552 என்னும் நியமப்படி, பாட்டரிக் கம்பிக்கு 30, இக்னிஷனுக்கு 15, ஸ்டார்ட்டருக்கு 50, எர்த்துக்கு 31 என எண்கள் இடப்பட்டுள்ளன. ரிலேயின் அடியில் காணும் 30, 85, 86, 87 என்னும் எண்களும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. நிறத்தை நம்பிக் கம்பியை அடையாளங் காணலாகாது. ஒரு கம்பெனியின் சிவப்பு மற்றொரு கம்பெனியில் வேறு வேலை செய்யும். மீட்டர் காட்டும் நடத்தையைக் கொண்டே அடையாளங் காண வேண்டும்.

ரிமோட் ஸ்டார்ட்டர் செய்யும் வேலை, மனிதக் கை சாவியைத் திருப்பும்போது நிகழ்வதை அதே ஒழுங்கில் நடித்துக் காட்டுவதே. இக்னிஷனுக்கு மின்சாரம் கொடுத்து, சிறிது காத்து, ஸ்டார்ட்டரைச் சுழற்றி, எஞ்சின் பிடித்துக்கொண்டதும் ஸ்டார்ட்டரை விடுவித்து, பின்னர் அக்ஸஸரியை எழுப்புகிறது. எஞ்சின் பிடித்துவிட்டது என்பதை அறிய, எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் கம்பி ஒன்றைச் சேர்ப்பர். எவரேனும் பிரேக்கை மிதித்தாலும் பானெட்டைத் திறந்தாலும் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும் என்பதற்காக, பிரேக்கிலிருந்து ஒன்றும் பானெட்டின் கீழுள்ள சுவிட்சிலிருந்து ஒன்றுமாக இரண்டு காவற் கம்பிகளையும் சேர்ப்பர்.

நோயும் குறியும்

இவ்வொழுங்கை மனத்திற் கொண்டால், கருவி எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் கொண்டே குறை எங்கே என்று ஊகிக்கலாம்.

பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நிகழவில்லையாயின், பெரும்பாலும் கருவி கெட்டிருப்பதில்லை. ரிமோட்டின் சிறு பாட்டரி, கருவியின் பியூஸ், எர்த் இணைப்பு, பானெட் சுவிட்ச் ஆகியவற்றை இந்த வரிசையிற் பார்க்க வேண்டும். பானெட் சுவிட்சில் மழைநீரும் சேறும் புகுந்து துருவேறினால், பானெட் திறந்திருப்பதாகக் கருவி எண்ணிக்கொண்டு, தன் கடமையைச் செவ்வனே செய்து, இயங்க மறுக்கும். பிரேக் விளக்கின் சுவிட்ச் ஒட்டிக்கொண்டாலும் அவ்வாறே. நம் அன்பரின் வண்டி சில நாள் இயங்கிச் சில நாள் மறுப்பதால், யாம் முதலில் ஐயுறுவது எர்த்தையும் இவ்விரு சுவிட்சுகளையுமே.

எர்த்தைச் சோதிக்க, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும், மறுமுனையைக் கருவியின் எர்த் கம்பியிலும் வைத்து, கருவி வேலை செய்யும்போது பார்க்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேற்பட்டால் அவ்விணைப்பு பழுதானது. பெயிண்ட் பூசிய தகட்டின்மேல் திருகி வைத்த எர்த், நாளடைவில் இவ்வாறு ஆவது இயல்பு.

ஸ்டார்ட்டர் மெல்லச் சுழன்று ஓய்ந்தால் பாட்டரியை நோக்குக. ஓய்வில் இருக்கும் நல்ல பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். சுழலும்போது 10 அளவிற்கு இறங்கலாம். 9.6-க்கும் கீழே வீழ்ந்தால் பாட்டரி நலிந்தது, அல்லது அதன் முனைகள் துருப்பிடித்தவை. பாட்டரியை விலைக்கு வாங்குமுன் முனைகளைத் துடைத்துப் பார்ப்பது செலவில்லாத மருந்து.

எஞ்சின் பிடித்து, ஓரிரு நொடிகளில் நின்றுவிட்டால், அது திருட்டுத் தடுப்பின் செயல். இக்காலத்துப் பல வண்டிகளின் சாவித் தலைக்குள் சிறு சில்லு ஒன்று உண்டு. அதனை வண்டி அறிந்துகொண்டாலன்றி எஞ்சினை ஓடவிடாது. இதற்கு வழியாகச் சிலர் மாற்றுச் சாவியையே டேஷ்போர்டுக்குள் ஒளித்துக் கட்டிவிடுகின்றனர். பூட்டிய வீட்டின் சாவியை நிலைப்படியில் வைத்த கதைதான் இது. அன்பர்கள் இதற்கு இசையாதிருப்பது நலம்.

எஞ்சின் பிடித்த பின்பும் ஸ்டார்ட்டர் கரகரவென்று சுழன்றால், உடனே நிறுத்திவிட வேண்டும். சுழற்சிக் கம்பி அறுந்திருக்கும், அல்லது கருவிக்கு அது கற்பிக்கப்படாமல் இருக்கும். எஞ்சின் ஓடியும் ஏ.சி. எழவில்லையாயின் அக்ஸஸரிக் கம்பியை நாட வேண்டும். சில வண்டிகளில் அவ்வகைக் கம்பி இரண்டு இருக்க, ஒன்றை மட்டும் சேர்த்திருப்பர்.

இரவில் நன்றாக இருந்த பாட்டரி இரண்டு மூன்று நாளில் வற்றிவிடுகிறதாயின், ஏதோ ஒன்று உறங்காமல் மின்சாரத்தைக் குடிக்கிறது. வண்டி நிற்கும்போது 50 மில்லி ஆம்பியர் வரை செலவாவது குற்றமன்று. நாளொன்றுக்கு அது 1.2 ஆம்பியர்-மணி ஆகும். 35 ஆம்பியர்-மணிப் பாட்டரி அதனை நான்கு வாரம் தாங்கும். அரை ஆம்பியர் செலவாகுமாயின் நாளொன்றுக்கு 12. மூன்று நாள் முடியுமுன் பாட்டரி வெறுமையாகும். இதனை அளக்கக் கதவுகளைப் பூட்டி அரைமணி காத்திருந்து, மீட்டரைப் பாட்டரிக் கம்பியின் இடையிற் கோக்க வேண்டும். கோத்த நிலையில் ஸ்டார்ட்டரைச் சுழற்றலாகாது. ஸ்டார்ட்டர் நூற்றுக்கு மேற்பட்ட ஆம்பியரை இழுக்கும், மீட்டரோ 10-ஐத்தான் தாங்கும்.

பியூஸ் குறித்தும் ஒரு சொல். பியூஸ் காப்பது கருவியை அன்று, கம்பியை. 10 ஆம்பியர் பியூஸ் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. சிவப்பு எரிந்த இடத்தில் பச்சையைச் செருகினால், பியூஸ் எரியவேண்டிய நேரத்தில் கம்பி எரியும். பியூஸ் மீண்டும் மீண்டும் எரிகிறதென்றால் அது நம்மிடம் முறையிடுகிறது என்று பொருள். அதன் வாயை அடைத்தல் அறிவுடைமையன்று.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஓட்டுநர் இருக்கைக்குக் காற்றுப்பை நம் நாட்டுக் கார்களில் 2019 ஜூலை முதல் கட்டாயமாக்கப்பட்டது. அதன் கம்பிகளும் இணைப்பான்களும் வழக்கமாக மஞ்சள் நிறம். அவற்றை எக்காரணம் கொண்டும் குத்திப் பார்க்கலாகாது. மற்றொன்று, ஒன்றோடொன்று பின்னிச் செல்லும் மெல்லிய கம்பி இணை. பாஷ் கம்பெனி 1986-இல் உலகறியச் செய்த ‘கேன்’ என்னும் முறை அது. அக்கம்பெனியின் கிளை நம் ஆடுகோடியில் 1950-களிலிருந்து ‘மைக்கோ’ என்று வழங்கியதைப் பழைய பெங்களூர்த் தமிழர் அறிவர். அவ்விரு கம்பிகளின் வழியே வண்டியின் கணிப்பொறிகள் தம்முள் பேசிக்கொள்கின்றன. பல்பு வைத்த சோதனை விளக்கை அதிற் குத்தினால் பேச்சுக் குழம்பும். ஆதலின், மல்டிமீட்டர் இல்லாதவர் சாவிக்குப் பின்புறம் கைவைக்காதிருக்க.

இருப்புப்பாதை கற்பிக்கும் பாடம்

இனி, எம் தொழிலில் வழங்கும் ஒரு வழக்கத்தைச் சொல்லி, வரைபடம் ஏன் வேண்டும் என்பதை வலியுறுத்துவோம். இருப்புப்பாதையில் சைகைக் கருவியின் கம்பி ஒன்றைக் கழற்ற வேண்டுமாயின், பணியாளர் தாமாகக் கழற்றிவிட முடியாது. டி/351 என்னும் படிவத்தில் எதைத் துண்டிக்கிறோம் என்று எழுதி, நிலைய அதிகாரியின் ஒப்புதல் பெற வேண்டும். வேலை முடிந்ததும் சோதித்து, மீண்டும் இணைத்தாயிற்று என்று அதே படிவத்தில் எழுதித் தர வேண்டும். கழற்றியதும் ஏட்டில் இருக்கும்; பூட்டியதும் ஏட்டில் இருக்கும்.

அவ்வொழுங்கு பிறழ்ந்தால் விளைவது யாது என்பதை 2023 ஜூன் 2-ஆம் நாள் நாடு கண்டது. ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பாகாநகா பஜார் நிலையத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டிக்கு நேர்வழிக்குரிய பச்சைச் சைகை எரிந்தது. பாதையோ பக்கவழிக்குத் திரும்பியிருந்தது. நின்றிருந்த சரக்கு வண்டியில் அது மோதிச் சிதற, நம் பெங்களூரிலிருந்து ஹௌராவிற்குச் சென்றுகொண்டிருந்த வண்டியின் பின்பெட்டிகளும் அதில் சிக்கின. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நிலையத்தின் வடபுறச் சைகைக் கூடத்தில் முன்னொரு காலத்தில் செய்த மின்சுற்று மாற்றத்தின் குறையையும், கடவுப்பாதை ஒன்றின் தடுப்பை மாற்றும் வேலையில் நேர்ந்த குறையையும் பாதுகாப்பு ஆணையரின் விசாரணை காரணமாகக் காட்டிற்று. கம்பிகளின் பெயர்ச்சீட்டு ஒன்று சொல்ல, கம்பி மற்றொன்றைச் செய்தது. அக்குறை ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, புதிய வேலை தொட்டதும் விழித்துக்கொண்டது.

வீட்டு வண்டியை அப்பெருந்துயரோடு ஒப்பிடுவது மிகையென்று தோன்றலாம். அளவில் மிகையே, தன்மையில் அன்று. கம்பியைச் சேர்த்தவர் ஒருவர்; பின்னொரு நாள் அதைத் தொடுபவர் வேறொருவர்; இடையில் எழுத்து இல்லையென்றால், இரண்டாமவர் கண்ணைக் கட்டிக்கொண்டே கைவைக்கிறார். அதன் பயனைத் துய்ப்பவரோ வண்டியில் உறங்கும் குழந்தைகள்.

கேட்டுப் பெறவேண்டியவை

ஆகவே, கடைக்காரரிடம் நேயர்கள் கேட்கவேண்டியன இவை. எந்தெந்தக் கம்பியில் இணைத்தார், அவற்றின் நிறம் என்ன, பியூஸ் எங்கே, எத்தனை ஆம்பியர், எர்த் எங்கே திருகப்பட்டது என்பவற்றை ஒரு தாளில் எழுதி வாங்குக. இணைப்பு ஒவ்வொன்றையும் மூடுமுன் கைப்பேசியிற் படம் எடுத்துக்கொள்க. கம்பிகளைப் பற்றவைத்தோ முறையாக அழுத்தியோ இணைக்கச் சொல்க. கடித்துப் பிடிக்கும் சிறு கிளிப்புகளை முதன்மைக் கம்பிகளில் ஏற்காதிருக்க. பாட்டரியிலிருந்து எடுக்கும் கம்பிக்குப் பியூஸ் பாட்டரியின் அருகிலேயே அமைய வேண்டும். இத்தாளை வண்டியின் பதிவுச் சான்றோடு சேர்த்து வைக்குக. எழுதித் தர மறுக்கும் கடையில், கருவி எத்துணை மலிவாயினும், பொருத்திக்கொள்ள வேண்டா. வண்டிக் கம்பெனியின் உத்தரவாதம் இத்தகைய வேலையால் பாதிக்கப்படுமா என்பதையும் கையேட்டில் முன்னரே படித்துவிடுதல் நன்று.

இவற்றினும் முக்கியமானதொன்று. நம் நாட்டு வண்டிகளுட் பெரும்பாலானவை கையாற் கியர் மாற்றுபவை. மேட்டுத் தெருவில் நிறுத்துகையில் முதற் கியரில் போட்டு வைப்பது நம்மவரின் நல்ல வழக்கம். அவ்வாறு நிற்கும் வண்டியில் ரிமோட் ஸ்டார்ட்டர் சுழன்றால், வண்டி ஆளில்லாமலே முன்னே பாயும். கியர் நியூட்ரலில் இருந்தாலன்றி எஞ்சின் இயங்காதவாறு காவல் அமையாத கருவியைக் கையால் கியர் மாற்றும் வண்டியில் பொருத்தவே கூடாது. கிளட்ச் சுவிட்சைத் துண்டித்துப் பொருத்துவோரும் உளர். அது காவற்காரனை உறங்க வைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதாகும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நிலவறையில் வண்டி நிறுத்துவோர் மற்றொன்றையும் நினைக்க. ஓடும் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு; அதற்கு நிறமில்லை, மணமில்லை, உயிரை மாய்க்கும் ஆற்றல் மட்டும் உண்டு. காற்றோட்டமில்லாத இடத்தில், யார் அருகே நிற்கிறார் என்று காணாமல், மேலிருந்து எஞ்சினை ஓடவிடுவது தகாது. பொது இடத்தைப் பற்றியோ சட்டமே பேசுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் நிற்கும் வண்டியில் உரிமம் பெற்ற ஓட்டுநர் தம் இருக்கையில் இருத்தல் வேண்டும். இல்லையேல், எஞ்சினை நிறுத்திப் பிரேக் போட்டோ, வேறு வகையிலோ, வண்டி தற்செயலாய் நகர்ந்துவிடாதபடி செய்திருத்தல் வேண்டும். தெருவோரத்தில் நிறுத்தி மாடியிலிருந்து பொத்தானை அழுத்துவோர் இதனை அறிந்திருப்பது கடமை.

எழுதிக் கேட்ட அன்பருக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். கருவியையும் மாற்ற வேண்டா, பாட்டரியையும் மாற்ற வேண்டா. வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, திறந்த வெளியில், மீட்டர் பிடிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு எர்த்தையும், பானெட் சுவிட்சையும், பிரேக் சுவிட்சையும் அளக்கச் செய்க. மூன்றும் நன்றாயின், பொருத்தியவரை அழைத்து இணைப்பு ஒவ்வொன்றையும் திறந்து காட்டச் சொல்லி, அப்பொழுதேனும் தாளில் எழுதி வாங்குக. அவர் கண்டுபிடிக்க இயலாது கைவிரித்தால், கருவியை முற்றும் கழற்றச் செய்து, தொட்ட கம்பிகளைப் பழையபடி செம்மையாக்கிவிடுக. பெங்களூர்க் காற்றில் கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டு நிமிடம் ஓட்டினால் வண்டி தானே குளிரும்.

இது போன்ற குறைகளையும் அவை தீர்ந்த வகையையும் நேயர்கள் எமக்கு எழுதினால், அடுத்த திங்கள் இப்பகுதியில் பிறர்க்கும் பயன்படுமாறு வெளியிடுவோம். கடைகளின் பெயர் வேண்டா. கம்பியின் நிறமும் மீட்டர் காட்டிய எண்ணும் போதும்.